எல்லைச் சாலையின் சினிமாக் கொட்டகைகள்

திருவனந்தபுரத்திலிருந்து நேமம், பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, பாறசாலை என்று தெற்கு நோக்கி வந்து, களியக்காவிளையில் தமிழ்நாட்டுக்குள் புகுந்து, நாகர்கோவிலைச் சென்றடையும் நெடுஞ்சாலையின் இருமருங்கிலும் ஒரு தலைமுறைக்கு முன் இரவுதோறும் ஜனங்களை அழைத்த சினிமாக் கொட்டகைகளில் பல, இன்று கல்யாண மண்டபங்களாகவும் கிட்டங்கிகளாகவும் கூரையிழந்த வெறுஞ்சுவர்களாகவும் மாறிவிட்டன. சிற்ப நயத்துக்காகப் போற்றத்தக்க கட்டிடங்கள் அல்ல அவை. ஆயினும் பிறப்பைக் கேளாமல் டிக்கெட்டை மட்டும் கேட்ட வாசல்கள் இப்பிரதேசத்தில் அருமையாக இருந்த காலத்தில் திறந்த வாசல்கள் ஆகையால், அவற்றின் சரித்திரம் கட்டிடக் கலையின் சரித்திரத்தைக் காட்டிலும் பெரிது என்பது என் துணிபு.

அந்தச் சரித்திரம் நல்ல சகுனத்தோடு தொடங்கவில்லை. அகஸ்தீஸ்வரத்தைச் சேர்ந்த ஜே. சி. டேனியல் என்ற இளைஞர், குடும்பச் சொத்தை விற்றுத் திரட்டிய பணத்தைக் கொண்டு திருவனந்தபுரம் பட்டத்தில் 'திருவிதாங்கூர் நேஷனல் பிக்சர்ஸ்' என்ற ஸ்டூடியோவை நிறுவி, தாமே கதை எழுதி, இயக்கி, கதாநாயகனாகவும் நடித்து 'விகதகுமாரன்' என்ற மௌனப் படத்தை உருவாக்கினார். அது முதன்முதலாகத் திரையிடப்பட்ட இடம், திருவனந்தபுரத்தில் இருந்த கேப்பிட்டல் தியேட்டர். திரையிட்ட நாள் 1928 நவம்பர் 7 என்பாரும், 1930 அக்டோபர் 23 என்பாரும் உளர். வக்கீல் மள்ளூர் கோவிந்தப் பிள்ளை காட்சியைத் தொடங்கி வைத்தார் என்பதிலும், அன்று அரங்கினுள் கல் பறந்தது என்பதிலும் கருத்து வேற்றுமை இல்லை.

கல் எறியப்பட்டதற்குக் காரணம் படத்தின் குறை அன்று. காக்காரிசி என்ற நாட்டுப்புற நாடகத்தில் பழகிய, புலையர் குலத்துப் பெண்ணான பி. கே. ரோஸி, அதில் நாயர் பெண்ணாக நடித்திருந்தார், அவர் கூந்தலில் சூடிய மலரைக் கதாநாயகன் முத்தமிடும் காட்சி வந்ததும் மேல்ஜாதியார் கொதித்தெழுந்தனர், திரை கிழிந்தது. தம் உருவம் அசைந்த அந்தத் திரையைக் கண்ணால் காணவும் ரோஸியை அன்று அனுமதிக்கவில்லை என்று அவர் வரலாற்றைத் தேடித் தொகுத்தவர்கள் எழுதுகிறார்கள். பிறகு அவருடைய குடிசைக்கும் தீ வைக்கப்பட, தமிழ்நாட்டுப் பக்கம் போன ஒரு லாரியில் ஏறித் தப்பி, அதன் ஓட்டுநரையே மணந்து, ராஜம்மாள் என்ற பெயரோடு நாகர்கோவிலில் எஞ்சிய வாழ்நாளைக் கழித்தார். மலையாள சினிமாவின் முதற் கதாநாயகி, தாம் நடிகை என்பதை வெளியே சொல்லாமலே வாழ்ந்து மறைந்தார் என்பதை நினைக்க நெஞ்சு பொறுக்கவில்லை. நெய்யாற்றின்கரைத் தாலுகாவின் ஊரூட்டம்பலத்தில், பஞ்சமி என்ற புலையர் சிறுமியின் கையைப் பிடித்து அக்குலத்தின் தலைவர் அய்யன்காளி பள்ளிக்கூடத்துக்குள் அழைத்துச் சென்றதற்காக அந்தப் பள்ளிக்கூடமே கொளுத்தப்பட்ட காலத்துக்கும் இந்தச் சம்பவத்துக்கும் இடையே அதிக ஆண்டுகள் கழியவில்லை.

டேனியலின் கதியும் மேலானதன்று. கடனில் மூழ்கி, ஸ்டூடியோவை இழந்து, பல் வைத்தியராகத் தமிழ்நாட்டு ஊர்களில் பிழைத்தார். 1956 நவம்பர் 1-ஆம் தேதி மாநில எல்லைகள் திருத்தப்பட்டபோது அகஸ்தீஸ்வரம் தமிழ் பேசும் தாலுகாக்களோடு சென்னை ராஜ்யத்தில் சேர்ந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. முதுமையில் வறுமையுற்ற டேனியலுக்காகப் பத்திரிகையாளர் சேலங்ஙாட்டு கோபாலகிருஷ்ணன் கேரள அரசிடம் உதவி வேண்டியபோது, அவர் ஊர் இப்போது தமிழ்நாட்டில் இருக்கிறது என்று சொல்லிக் கையை விரித்தார்கள். டேனியல் 1975-இல் காலமானார். அவர் பெயரால் கேரள அரசு விருது அளிக்கத் தொடங்கியது 1992-இல்.

கோடு கிழித்தவர்கள் பாஷையைப் பிரித்தார்களேயன்றிச் சினிமாவைப் பிரிக்க அவர்களால் இயலவில்லை; அது முன்பே கலந்து கிடந்தது. மலையாளத்தின் முதல் பேசும் படமான 'பாலன்' 1938-இல் வெளிவந்தபோது அதைத் தயாரித்தது சேலத்து மாடர்ன் தியேட்டர்ஸ். நேமத்தில் 1951-இல் மெரிலாண்டு ஸ்டூடியோவை நிறுவி மலையாளப் படங்களைத் தொடர்ந்து தயாரித்த பி. சுப்பிரமணியம் நாகர்கோவிலில் பிறந்தவர். எல்லைக் கிராமத்து ரசிகனோ இரண்டு பாஷைப் படங்களையும் தன்னுடையவை என்றே எண்ணினான். ஆனால் வியாபாரத்தில் கோடு உண்டு: பாறசாலைக் கொட்டகைக்கு வரும் தமிழ்ப் படத்தின் உரிமை கேரள விநியோகஸ்தரிடம், அங்கிருந்து சிறிது தூரத்திலுள்ள களியக்காவிளையிலோ அது நெல்லை–குமரி ஏரியாக்காரரிடம். உரிமச் சட்டமும் அப்படியே. இப்பக்கம் 1958-ஆம் ஆண்டின் கேரளச் சட்டம், அப்பக்கம் 1955-ஆம் ஆண்டின் சென்னைச் சட்டம்.

தமிழர் அனைவரும் முதன்முதலாக ஒரே கூரையின் கீழ் அமர்ந்த கலையரங்கம் சினிமாக் கொட்டகையே என்றும், அங்கே இருக்கையை நிர்ணயித்தது குலம் அன்று, கொடுக்கும் காசு என்றும் இலங்கைப் பேரறிஞர் கார்த்திகேசு சிவத்தம்பி எடுத்துக்காட்டினார். தரை, பெஞ்சு, நாற்காலி என்ற பாகுபாடும் ஒரு பாகுபாடுதான் என்பதை நான் மறுக்கவில்லை. எனினும் கோயில் வாசல்களே 1936 நவம்பர் 12-ஆம் தேதி ஆலயப் பிரவேசப் பிரகடனம் வரையில் பெரும்பாலோருக்கு அடைத்துக் கிடந்த திருவிதாங்கூரில், கூடுதலாகச் சில காசுகள் கொடுத்தால் எவனும் தரையிலிருந்து பெஞ்சுக்கு ஏறலாம் என்பது அற்பமான மாறுதல் அன்று. ரோஸிக்கு மறுக்கப்பட்ட இடத்தில், அவர் குலத்துப் பெண்கள் பிற்காலத்தில் டிக்கெட் வாங்கி உட்கார்ந்தார்கள்.

கட்டிடங்கள் எப்படி அழிகின்றன என்பதையும் சொல்ல வேண்டும். திரையை மறைக்கும் தூண் கூடாது ஆகையால், சுவருக்குச் சுவர் அகன்ற மரச்சட்டங்கள் எழுப்பி, கழுக்கோலும் பட்டியலும் அடித்து, ஓடு வேய்வது வழக்கம். இடவப்பாதி, துலாவர்ஷம் என்று ஆண்டுக்கு இருமுறை பருவமழை பெய்யும் இந்தப் பூமியில், நழுவிய ஓட்டை அந்த வருஷமே மாற்றாவிட்டால் கழுக்கோல் நனையும். நனைந்த மரத்தைக் கறையான் விடாது. ஒரு சட்டம் தாழ்ந்தால் அடுத்த சட்டத்தின் மேல் பாரம் விழும். படம் ஓடும்வரை பழுது பார்க்க ஆள் உண்டு. பூட்டிய கொட்டகைக்கு யார் உண்டு? புரொஜெக்டர் அறை மட்டும் இந்த விதிக்கு விலக்கு. பழைய நைட்ரேட் பிலிம் எளிதில் தீப்பற்றக்கூடியது; விளக்கோ இரண்டு கார்பன் குச்சிகளிடையே எரியும் மின்சுடர். ஆகையால் அவ்வறையைத் தடித்த சுவரும், புகை போக ஒரு குழாயும், திரையை நோக்கிய சிறு சதுரத் துவாரங்களுமாகத் தனியே கட்டினார்கள். இடிந்த கொட்டகைகளில் அது கடைசியாக விழுவதற்குக் காரணம் இதுதான்.

மழைக்கு முன்பே வருமானம் வற்றிவிட்டது. பிலிம் பிரதி விலையுயர்ந்தது ஆகையால், நகரத்தில் பல வாரங்கள் ஓடிக் கீறல் விழுந்த பின்னரே படப்பெட்டி கிராமத்துக்கு வரும்; அதுவரை காத்திருக்க ஜனங்களுக்கு வேறு வழியில்லை என்பதே கொட்டகையின் ஜீவனாக இருந்தது. 1985 ஜனவரி 1-ஆம் தேதி திருவனந்தபுரம் தூர்தர்ஷன் மலையாள ஒளிபரப்பைத் தொடங்கியது. வீடியோ கேசட்டும் அக்காலத்தில் பரவியது. 1993-இல் சன் டிவியும் ஏஷியாநெட்டும் வீட்டுக்குள் வந்தன. பின்னர் பிலிமே போய் டிஜிட்டல் முறை வந்தபோது, புதிய இயந்திரத்துக்கும் குளிர்சாதனத்துக்கும் முதல் போட இயலாத உடைமையாளர்கள், தூணில்லாத அகன்ற கூடம் கல்யாணத்துக்கு உகந்தது என்று கண்டு அவ்வாறே மாற்றிக்கொண்டார்கள். அவர்களைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை.

கட்டிடங்களைக் காப்பாற்றும் காலம் பெரும்பாலும் கடந்துவிட்டது. காகிதங்களைக் காப்பாற்றும் காலம் இன்னும் கடக்கவில்லை. கேரளத்தில் கேளிக்கை வரியை வசூலித்தவை பஞ்சாயத்துகளும் நகரசபைகளுமே. ஆகவே எந்தக் கொட்டகையில் எத்தனை டிக்கெட் விற்றது என்ற கணக்கும், உரிமம் கோரியபோது கொடுத்த கட்டிட வரைபடமும் எங்கேனும் ஓர் அலமாரியில் தங்கியிருக்கக்கூடும். நெய்யாற்றின்கரையிலும் பாறசாலையிலும் உள்ள நூலகங்கள் அவற்றைக் கேட்டு வாங்கிப் பிரதியெடுத்து வைக்கலாம். அதைவிட அவசரமானது ஒன்று உண்டு: கார்பன் குச்சியைக் கையால் நகர்த்திப் பழகிய ஆபரேட்டர்களுக்கும், டிக்கெட் கிழித்தவர்களுக்கும், சுவரொட்டி ஒட்டியவர்களுக்கும் வயதாகிவிட்டது, இந்த மழைக்காலத்துக்கு முன்பே யாராவது ஒரு நோட்டுப் புத்தகத்தோடு அவர்கள் வீட்டுக்குப் போக வேண்டும்.