மலை ஏன் படத்தில் சுருங்குகிறது?

வேலூர்ப் பக்கத்து அணைக்கட்டு ஊரிலிருந்து ஒடுகத்தூர் போகிற சாலையில் ஜவ்வாது மலை கூடவே வரும். வயல், கரும்பு, தென்னந்தோப்பு, அதற்குப் பின்னால் மலை, அந்த மலைக்கும் பின்னால் இன்னொரு மலை. வண்டியை ஓரங்கட்டி, செல்போனை எடுத்துப் படம் பிடிக்காமல் போகிறவர்கள் குறைவு. பிடித்ததைத் திரையில் பார்த்தால்தான் மனசு சப்பென்று ஆகிவிடும். கண்ணெதிரே எழுந்து நின்ற மலை, படத்தின் நடுவில் மெல்லிய பட்டையாகப் படுத்துக் கிடக்கும். மற்ற இடமெல்லாம் வானமும் வயலும்.

எடுத்தவர் கையிலும் குறையில்லை, போனிலும் குறையில்லை. இது கோணக் கணக்கு. சமவெளியிலிருந்து 600 மீட்டர் உயர்ந்து நிற்கும் மலையைப் பத்து கிலோமீட்டர் தள்ளி நின்று பார்த்தால், அது நம் கண்ணில் எடுத்துக்கொள்ளும் உயரம் 3.4 டிகிரிதான். செல்போனின் சாதாரண லென்ஸ் பக்கவாட்டில் கிட்டத்தட்ட 70 டிகிரியையும் மேலும் கீழுமாக 50 டிகிரியையும் அள்ளிக்கொள்கிறது. அதில் 3.4 டிகிரி என்றால் படத்தின் உயரத்தில் பதினைந்தில் ஒரு பங்கு. நம் கண் வேலை செய்யும் விதமே வேறு. விழித்திரையில் மிகக் கூர்மையாகப் பார்க்கும் பகுதி சுமார் இரண்டு டிகிரி அகலந்தான். அந்தச் சிறு வட்டத்தை மலை முகடு நெடுகிலும் ஓட்டி, பார்த்த துண்டுகளையெல்லாம் மூளை ஒட்டவைத்து, "பெரிய மலை" என்று தீர்மானிக்கிறது. அகலப்படம் (பனோரமா) எடுப்பவர் கேமராவைக் கொண்டு செய்ய வேண்டியதும் அதேதான்.

ஆகவே மலையைப் படத்தில் உயர்த்திக் காட்ட விரும்புகிறவர் இந்தச் சாதாரண லென்ஸை விட்டுவிட்டு மூன்று மடங்கு ஜூமுக்குப் போக வேண்டும். போனைச் செங்குத்தாகப் பிடித்தால் ஒரு படத்தில் 18 டிகிரி அகலமும் 26 டிகிரி உயரமும் கிடைக்கும். மலை இப்போது படத்தின் உயரத்தில் எட்டில் ஒரு பங்கு. இப்படி ஒன்றன்பின் ஒன்றாக, முந்தைய படத்தின் மூன்றில் ஒரு பாகம் அடுத்ததிலும் விழும்படி எட்டுப் படம் எடுத்தால் 90 டிகிரி அகலம் அடங்கிவிடும். கிழக்கே அமிர்திக் காட்டுப் பக்கமிருந்து ஒடுகத்தூருக்குப் பின்னால் பீஞ்சமந்தை ஏறும் சரிவு வரை ஒரே நீளத்தில் கொண்டுவர இதுதான் நல்ல வழி.

படங்களைத் தனித்தனியே எடுத்துக் கணினியில் ஒட்ட வேண்டும். போனிலேயே இருக்கும் பனோரமா வசதி, நாம் திரும்பத் திரும்ப மெல்லிய கீற்றுகளாக எடுத்து அந்த நொடியே ஒட்டிக்கொண்டு போகிறது. அவசரத்துக்கு அது சரி. ஆனால் நாம் திரும்பும் திசையிலேயே குறுக்கே பேருந்து போனால் இழுபட்டு ரயிலாகிவிடும். எதிர்த்திசையில் போனால் நசுங்கிவிடும்.

இனி, திரும்புவது. பெரும்பாலோர் கையை நீட்டிப் போனைப் பிடித்துக்கொண்டு உடம்போடு சுழல்கிறார்கள். கை அரை மீட்டர் நீண்டிருக்கிறது. சாதாரண லென்ஸில் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே 33 டிகிரி திரும்புகிறோம் என்று வைத்துக்கொள்வோம். அதற்குள் கேமரா 28 சென்டிமீட்டர் நகர்ந்துவிட்டது. பத்து கிலோமீட்டர் தள்ளி இருக்கும் மலைக்கு அது ஒன்றுமே இல்லை. மூன்று மீட்டர் தள்ளி நிற்கும் தென்னைக்கோ ஐந்து டிகிரிக்கு மேல் இடமாற்றம். முதல் படத்தில் முகட்டுக்கு இடப்பக்கம் நின்ற மரம், அடுத்த படத்தில் வலப்பக்கம் நிற்கும். எந்த மென்பொருளாலும் இரண்டையும் ஒருசேர ஒட்ட முடியாது. மலையைச் சரியாக ஒட்டினால் மரம் இரண்டாகப் பிளக்கும்; மரத்தை ஒட்டினால் மலை உடையும்.

மருந்து எளிது. நாம் சுழலாமல் லென்ஸைச் சுழல வைக்க வேண்டும். போனின் லென்ஸுக்கு நேர்கீழே தரையில் ஒரு கல்லை அடையாளமாக வைத்து, அந்தக் கல் எப்போதும் லென்ஸுக்கு அடியிலேயே இருக்கும்படி நாம் அதைச் சுற்றி நடக்க வேண்டும். ட்ரைபாட் வைத்திருப்பவர்கள் அதன் சுழல் அச்சு லென்ஸுக்கு அடியில் வருமாறு பொருத்திக்கொள்கிறார்கள். மலை உச்சியில் நின்று, முன்னால் மரமோ பாறையோ இல்லாமல் எடுக்கும்போது இந்தக் கவலை வேண்டாம். தொலைவு எல்லாத் தவறையும் மன்னித்துவிடும்.

இதற்கு நேர்மாறான வேலையை 1858-இலேயே தஞ்சாவூரில் ஒருவர் செய்து காட்டியிருக்கிறார். சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்த கேப்டன் லின்னேயஸ் ட்ரைப், பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டைப் படம் பிடிக்க முனைந்தார். எழுத்து வரிசை நீண்டுகொண்டே போகிறது. ஒரு படத்தில் அடங்காது. நின்ற இடத்திலேயே கேமராவைத் திருப்பினால் ஓரத்து எழுத்துகள் சரிந்து சிறுத்துவிடும். கேமராவைச் சுவரோடு நகர்த்தி நகர்த்தி எடுத்தார். 21 அச்சுகளை ஒட்டிச் சேர்த்தபோது சுமார் 19 அடி நீளச் சுருள் கிடைத்தது. மெழுகிட்ட காகித நெகட்டிவ், மாட்டு வண்டிப் பயணம், தென்னாட்டு வெயில். இவற்றோடு அந்த வேலையை நினைத்துப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் மலைப்பாக இருக்கிறது. அதே பயணக் காலத்தில் நமக்குப் பக்கத்து ராயக்கோட்டையையும் அவர் படம் பிடித்திருக்கிறார்.

ட்ரைப் நகர்த்தியது ஏன் பலித்தது என்றால், கல்வெட்டுச் சுவர் தட்டையானது. முன்பின் ஆழம் இல்லாததில் கேமரா எவ்வளவு நகர்ந்தாலும் பொருள்கள் ஒன்றையொன்று தாண்டிப் போக வழியில்லை. ஆழம் உள்ள காட்சியில் கேமரா ஒரு புள்ளியில் நின்று திரும்ப வேண்டும். வேலூர்க் கோட்டைக்குப் போகிறவர்கள் இரண்டையும் ஒரே நாளில் செய்து பார்க்கலாம். அகழிக்கு வெளியே சாலையோரமாக நடந்துகொண்டே கருங்கல் மதிலைத் துண்டு துண்டாக எடுப்பது ட்ரைப்பின் வழி. மதில் மேல் ஓரிடத்தில் நின்று ஊரைச் சுற்றி எடுப்பது மற்ற வழி.

எடுத்த துண்டுகளை ஒட்டும் கணினி எதைப் பிடித்துக்கொண்டு ஒட்டுகிறது? 1999-இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் லோவ் ஒரு முறையை வெளியிட்டார். படத்தில் தனித்துத் தெரியும் புள்ளிகளைக் கண்டெடுத்து, ஒவ்வொன்றின் சுற்றுப்புறத்தையும் எண்களின் வரிசையாக எழுதிவைப்பது. படம் திரும்பியிருந்தாலும் சிறுத்திருந்தாலும் அந்த எண்கள் பெரிதாக மாறுவதில்லை. 2003-இல் மேத்யூ பிரவுனும் லோவும் சேர்ந்து, கலைந்து கிடக்கும் படக் குவியலிலிருந்து எது எதோடு ஒட்டும் என்பதைக் கணினியே கண்டுபிடிக்கச் செய்தார்கள். இலவசமாகக் கிடைக்கும் ஹியூஜின் போன்ற மென்பொருள்களும் இதே வழியில் பொதுப் புள்ளிகளைத் தேடித்தான் ஒட்டுகின்றன. முகட்டின் வளைவும், பாறையும், கோயில் கோபுரமும் இதற்கு நல்ல தீனி. மேகமில்லாத வானத்தில் பிடிக்க எதுவும் இல்லை. பாலாற்று மணலில் எங்கும் ஒரே மாதிரிப் புள்ளிகள், கணினி குழம்பிப்போகும். எனவே ஒவ்வொரு துண்டிலும் அடையாளமான ஏதாவது ஒன்று விழும்படி பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஒட்டிய பிறகு வரும் சிக்கல் ஒன்று உண்டு. நேராக ஓடும் சாலையையோ கரையையோ எதிரே நின்று 180 டிகிரிக்கு எடுத்தால், படத்தில் அது வில்லாக வளைந்துவிடும். நமக்கு நேரே உள்ள பகுதி அருகில் இருப்பதால் பெரிதாகவும், இரு ஓரங்களும் தொலைவில் இருப்பதால் சிறிதாகவும் விழுகின்றன. சுற்றிலும் உள்ளதைத் தட்டையாக விரிப்பதற்குக் கொடுக்கும் விலை அது. நம்மைச் சுற்றிச் சம தொலைவில் வளைந்து போகும் ஒன்று, அதே படத்தில் நேர்கோடாகிவிடும். நம் ஏரிக்கரைகளில் பல பிறை வடிவில் வளைந்தவை. கோடையில் தண்ணீர் வற்றியதும் ஏரிக்குள் இறங்கி, கரையின் இரு முனைகளும் நடுப்பகுதியும் ஏறத்தாழ ஒரே தூரத்தில் இருக்கும் இடத்தில் நின்று எடுத்துப் பாருங்கள். கரை கோடு போட்டதுபோல் நேராக வரும்; அதன் மேல் பனைமரங்கள் வரிசையாக நிற்கும், பின்னால் மலை.

வெளிச்சக் கணக்கு நம் பக்கத்துக்கே உரியது. அணைக்கட்டு நில நடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 12.8 டிகிரியில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் நடு வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே போகிறது. ஜூன் காலையில் வடகிழக்கிலிருந்து வரும் வெயில், நம்மை நோக்கியிருக்கும் ஜவ்வாது மலையின் வடசரிவில் நேராக விழும். மலை பச்சையாகத் தெரியும், ஆனால் தட்டையாக இருக்கும். டிசம்பரில் சூரியன் தென்கிழக்கே எழுந்து பக்கவாட்டில் அடிக்கும். ஒவ்வொரு மடிப்புக்கும் நிழல் விழும். மலைக்குள் எத்தனை பள்ளத்தாக்கு என்று எண்ணிவிடலாம். எனக்குப் பிடித்தது டிசம்பர் காலை ஏழரைக்கும் ஒன்பதுக்கும் இடைப்பட்ட நேரம். அப்போது படத்தின் ஒரு கோடி பளீரென்றும் மறுகோடி மங்கலாகவும் இருக்கும் என்பதால், போன் திரையில் மலை மேல் விரலை அழுத்திப் பிடித்து வெளிச்ச அளவைப் பூட்டிவிட வேண்டும். பூட்டாவிட்டால் துண்டுக்குத் துண்டு வானத்தின் நிறம் மாறி, ஒட்டுப்போட்ட இடமெல்லாம் தெரியும்.

அடுத்தடுத்த மலைகள் ஏன் பச்சையிலிருந்து நீலத்துக்கும் நீலத்திலிருந்து வெளிறிய சாம்பலுக்கும் போகின்றன? மலையின் நிறம் மாறுவதில்லை. இடையிலுள்ள காற்றைத்தான் பார்க்கிறோம். காற்று மூலக்கூறுகள் நீல ஒளியைச் சிவப்பைவிட நான்கு மடங்குக்கும் மேலாகச் சிதறடிக்கின்றன. இருண்ட காட்டுக்கும் நமக்கும் நடுவே எவ்வளவு காற்று இருக்கிறதோ அவ்வளவு நீலம் அதன் மேல் படிகிறது. புழுதியும் புகையும் சேர்ந்தால் கதை வேறு. அந்தத் துகள்கள் பெரியவை. எல்லா நிறத்தையும் ஏறத்தாழ ஒன்றுபோலச் சிதறடித்து வெள்ளைத் திரை போட்டுவிடும். ஈரக் காற்றில் அவை நீரை உறிஞ்சி ஊதிப்போவதால் திரை இன்னும் தடிக்கும். மார்கழி, தை விடியற்காலைகளில் குளிர்ந்த காற்று பள்ளத்தில் தங்கி, மேலே வெதுவெதுப்பான காற்று மூடியாக அமர்ந்துவிடுவதால், அடுப்புப் புகையும் நெடுஞ்சாலைப் புகையும் வெளியேற வழியின்றி அடியிலேயே கிடக்கும். மழைத்துளிகள் இந்தத் துகள்களை வாரிக்கொண்டு இறங்குகின்றன. அதனால்தான் ஐப்பசி, கார்த்திகையில் மழை விட்ட மறுநாள் காலை மலை கிட்டே வந்து நிற்பதுபோல் தெரிகிறது. அந்த ஒரு காலையை விட்டுவிடாதீர்கள். கத்திரி வெயிலில் ஜூம் போட்டுப் பயனில்லை. வேலூர் வெயிலில் தரை காய்ந்து கிளம்பும் சூட்டுக் காற்று ஒளியை நெளித்து, முகட்டையே ஆட வைக்கும்.

மலைமேல் ஏறியவர்களுக்கு இரவு வானமும் உண்டு. இதே ஜவ்வாது மலைத் தொடரில் காவலூரில் இருக்கும் வைணு பாப்பு வானாய்வகத்தில் 1986-இல் திறக்கப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி நிற்கிறது. இருண்ட வானமும் ஊர் விளக்குகளிலிருந்து விலகிய இடமும் தேடித்தான் அங்கே போனார்கள். இரவு அகலப்படத்தில் ஒரு கூடுதல் கணக்கு: படத்துக்கு 20 வினாடி வீதம் ஐந்து படம் எடுப்பதற்குள் வானம் 0.4 டிகிரி நகர்ந்துவிடும், ஏறக்குறைய நிலாவின் அகலம். தரையையும் நட்சத்திரத்தையும் தனித்தனியே ஒட்டியாக வேண்டும்.

இதையெல்லாம் அழகுக்காக மட்டும் சொல்லவில்லை. ஒரே புள்ளியில் நின்று ஆண்டுக்கணக்கில் எடுத்த அகலப்படம் அறிவியல் சான்றாகிவிடும். ஆல்ப்ஸ் பனியாறுகளைச் செபாஸ்டியன் ஃபின்ஸ்டர்வால்டர் 1880-களின் இறுதியில் இப்படிப் பதிவு செய்யத் தொடங்கினார். கனடாவின் மலைகளில் நூறாண்டுக்கு முன் நில அளவையாளர்கள் எடுத்த படங்களை, ஆய்வாளர்கள் அதே பாறைகளில் ஏறி நின்று மறுபடி எடுத்து, காடும் பனியும் எவ்வளவு மாறின என்று அளக்கிறார்கள்.

நமக்கு அப்படி ஒரு வரிசை இல்லாதது எனக்குப் பெரிய வருத்தம். தோல் தொழிற்சாலைக் கழிவு பற்றி உச்ச நீதிமன்றம் 1996-இல் அளித்த தீர்ப்பில், இந்த வட்டாரத்தில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ சாகுபடிக்கு லாயக்கற்றுப் போனதாகக் குறிப்பிடப்பட்டிருக்கிறது. எண் நம் கையில் இருக்கிறது. வாணியம்பாடியிலிருந்து ராணிப்பேட்டை வரை அந்த நிலம் முன்பு எப்படி விரிந்து கிடந்தது, எந்த ஆண்டில் எந்த வயல் வெளுத்தது என்பதை ஒரு குன்றின் மேலிருந்து எடுத்த படத் தொடர் கிடைத்தால் பிள்ளைகளுக்கும் காட்டலாமே. பாலாறும் அப்படித்தான். ஆண்டில் பெரும்பகுதி மணலாகவும் முள்ளாகவும் கிடக்கும் ஆறு, 2021 நவம்பரில் கரைக்குக் கரை ஓடியது. அந்த இரண்டு முகத்தையும் ஒரே கோணத்தில் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தால், ஆற்றின் அகலம் யாருக்குச் சொந்தம் என்று வாதாட வேண்டியதே இல்லை.

ஆகவே அழகான பக்கத்தை மட்டும் வெட்டி எடுக்காதீர்கள். தெற்கே மலை வரட்டும்; மேற்கே ஆம்பூர் நோக்கிப் போகும் நெடுஞ்சாலையும், ஷூ தொழிற்சாலைகளின் தகரக் கூரைகளும், வடக்கே குடியாத்தம், பேரணாம்பட்டுப் பக்கத்து மலைகளும் வரட்டும். செங்குத்தாகப் பிடித்த சாதாரண லென்ஸில் பதினோரு படம் எடுத்தால் முழு வட்டமும் முடிந்துவிடும்.

இடத்தை மட்டும் யோசித்துத் தேர்ந்தெடுங்கள். இன்னும் முப்பது ஆண்டு அசையாத ஒன்று வேண்டும்: ஏரி மதகின் கல், குன்றின் பாறை, பள்ளிகொண்டாவிலிருந்து குடியாத்தம் போகும் வழியில் உள்ள பாலாற்றுப் பாலத்தின் கைப்பிடிச் சுவர். ஆண்டுக்கு இரண்டு முறை போதும். பங்குனியில் காய்ந்திருக்கும்போது ஒன்று, கார்த்திகையில் மழை விட்டதும் ஒன்று. படத்தோடு நாள், நேரம், நின்ற இடம், லென்ஸ் தரையிலிருந்து எவ்வளவு உயரம், முதல் படம் எந்தத் திசை என்பதை எழுதிவையுங்கள். ஒரு பிரதியை வீட்டில் வைத்துக்கொண்டு, இன்னொன்றை ஊர்ப் பள்ளிக்கூடத்திலோ நூலகத்திலோ கொடுத்துவையுங்கள்.