உங்களுக்குத் தெரியுமா? சீட்டு பேசுமா?

டாரட் சீட்டு குறி சொல்லப் பிறந்ததல்ல, விளையாடப் பிறந்தது. 15ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில், மிலானை ஆண்ட விஸ்கோந்தி, ஸ்ஃபோர்சா குடும்பங்களுக்காகத் தங்க ரேக்கு ஒட்டி வரைந்த சீட்டுகள் இன்றும் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. மொத்தம் 78 சீட்டுகள். 1781இல் கூர் தெ ஜெபலான் என்ற பிரெஞ்சுப் பாதிரியார், இது பழைய எகிப்தின் ரகசிய ஞானநூல் என்று எழுதிவிட்டார். எகிப்தின் சித்திர எழுத்தை ஷாம்போலியோன் படித்துக் காட்டியதோ 1822இல்தான். எழுத்தே புரியாத காலத்தில் ஞானம் மட்டும் எப்படிப் புரிந்தது என்று அன்று யாரும் கேட்கவில்லை.

✦

சீட்டு தலைகீழாக விழுந்தால் பலனும் மாறும் என்ற வழக்கத்தைப் பரப்பியவர்களில் ஒருவர் பாரிஸ்காரர் எட்டெய்லா. இவருடைய சொந்தக் குடும்பப் பெயர் அல்லியெத். அதன் பிரெஞ்சு எழுத்துகளைப் பின்னாலிருந்து முன்னால் அடுக்கித் தொழில் பெயராக வைத்துக்கொண்டார்!

✦

இன்று உலகம் முழுக்கப் புழங்கும் டாரட் படங்கள் 1909இல் லண்டனில் வெளியானவை. பதிப்பித்தது ரைடர் நிறுவனம், திட்டம் ஆர்தர் எட்வர்ட் வெயிட்டுடையது. படம் போட்டவர் பமீலா கோல்மன் ஸ்மித் என்ற பெண். வேலை பெரிது, கூலி சொற்பம் என்று அவரே ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். 1951இல் கடனோடு இறந்தார். ரைடர்-வெயிட் டாரட் என்றே நெடுங்காலம் ஊர் சொன்னது, ஸ்மித் பெயரைச் சேர்த்துச் சொல்வது அண்மைப் பழக்கம். ஆரணிப் பட்டில் கடை பெயர் இருக்கும், நெய்தவர் பெயர் இருக்காது. நமக்கு இது புதிதல்ல.

✦

அந்த 78இல் நம் தறி ஊரான போளூருக்கு என்று ஒன்றை எடுக்கச் சொன்னால், நான் ‘எட்டுக் காசுகள்’ சீட்டைத்தான் எடுப்பேன். பலகையில் ஓர் இளைஞன் உட்கார்ந்து, உளியும் சுத்தியுமாகக் காசில் நட்சத்திரம் செதுக்குகிறான். முடித்த காசுகள் பக்கத்துக் கம்பத்தில் தொங்குகின்றன. ஊர் தூரத்தில் தெரிகிறது, அவன் நிமிர்ந்து பார்ப்பதில்லை. நேராக விழுந்தால் வேலை, கைத்திறன், தொழில் பழகும் பருவம் என்று பலன். குழித்தறியில் காலை விட்டுக் குனிந்திருப்பவரைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்தப் படத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை.

தலைகீழாக விழுந்தால்? வெயிட் 1910இல் எழுதிய விளக்க நூலில் வீண்பெருமை, பேராசை இவற்றோடு இன்னொன்றையும் சேர்க்கிறார்: அநியாய வட்டி! உழைப்பின் மறுபக்கம் கடன் என்று லண்டனில் உட்கார்ந்திருந்தவருக்கு எப்படித் தோன்றியதோ. பாவும் சரிகையும் முன்பணமும் வாங்கி நெய்கிற வீடுகளில் அந்த இரண்டு பக்கமும் ஒரே சீட்டுதான். (கந்துவட்டிக்கு எதிராகத் தமிழ்நாடு தனிச் சட்டம் கொண்டுவந்தது 2003இல்.)

சீட்டுகளைப் படிக்கும் முறை ஒன்று உண்டு. மூன்று சீட்டு வைத்தால் முதலாவது நேற்று, இரண்டாவது இன்று, மூன்றாவது நாளை. எட்டுக் காசுகள் நேற்றில் விழுந்தால், கற்ற தொழில் கைகொடுக்கும். நாளையில் விழுந்தால், இன்னும் கற்க வேண்டியது பாக்கி. அதற்குமேல் கேட்பவரின் கேள்வி இருக்கிறது. “கடன் எப்போது அடையும்?” என்பவருக்கு ஒரு பதில். “பையன் தறிக்கு வருவானா?” என்று கேட்கும் அப்பாவுக்கு, ‘வருவான்’ என்றும் சொல்லலாம், ‘வேறொரு வேலையில் இதே மாதிரி தலை குனிந்து உட்காருவான்’ என்றும் சொல்லலாம். படம் இரண்டுக்கும் இடம் கொடுக்கும். படிப்பவருடைய சாமர்த்தியம் படத்தில் இல்லை, கேள்வியைக் காதில் வாங்குவதில் இருக்கிறது.

✦

பயப்படத் தேவையில்லாத சீட்டு: 13ஆம் எண், மரணம். குதிரையில் எலும்புக்கூடு, காலடியில் அரசன். ஆனால் பின்னால் சூரியன் இருக்கிறது. ஒன்று முடிந்து ஒன்று தொடங்கும் என்றுதான் பலன் சொல்வார்கள். செத்துப்போனதாகக் கனவு வந்தால் ‘ஆயுசு கெட்டி’ என்கிற நம் பாட்டிகளுக்கு இதை ஏற்பதில் சிரமம் இருக்காது. பழைய மார்சேய் வகைச் சீட்டுகளில் இந்த ஒன்றுக்குப் பெயரே எழுத மாட்டார்கள், எண் மட்டும்.

✦

12ஆம் சீட்டில் ஒருவன் ஒற்றைக் காலில் தலைகீழாகத் தொங்குகிறான். பழைய இத்தாலியில் துரோகிகளை இப்படித் தொங்கவிட்டதாகச் சுவரில் வரைந்து அவமானப்படுத்துவது வழக்கம். பமீலா வரைந்தவனோ முகம் சாந்தமாக, தலையைச் சுற்றி ஒளிவட்டத்தோடு தொங்குகிறான். காத்திரு, மறுபக்கத்திலிருந்து பார் என்று பொருள். தலைகீழாகத் தொங்கிக்கொண்டு புத்திசாலிக் கேள்வி கேட்பதில் நம் முருங்கைமரத்து வேதாளம் இவனுக்கு அண்ணன்.

✦

சீட்டே இல்லாமல் குறி பார்த்த முறை ‘விரிச்சி’. பத்துப்பாட்டிலேயே சிறியது நப்பூதனாரின் முல்லைப்பாட்டு, 103 அடி. அதில் தலைவன் போருக்குப் போயிருக்கிறான், கார்காலம் வந்துவிட்டது, ஆளைக் காணோம். வீட்டு மூதாட்டிகள் ஊருக்கு வெளியே போய், நெல்லும் முல்லைப் பூவும் தூவி வணங்கி, காதில் எந்தச் சொல் விழும் என்று நிற்கிறார்கள். சிறு கயிற்றில் கட்டிய கன்று ஒன்று தாயைக் காணாமல் தவிக்கிறது. குளிரில் தோளைக் கட்டிக்கொண்டு நிற்கும் ஓர் ஆயர் மகள் அதற்குத் தேறுதல் சொல்கிறாள்: கோவலர் ஓட்டிவர உன் அம்மா இப்போதே வந்துவிடுவாள். அவள் பேசியது கன்றிடம். மூதாட்டிகளுக்கோ, தலைவன் திறையோடு திரும்புவான் என்று கேட்டது. ஓடிவந்து தலைவியிடம் சொன்னார்கள். அவள் கண்ணீர் நிற்கவில்லை. குறியை நம்பாத அந்த ஒருத்தியையும் பாட்டில் வைத்ததற்காகவே நப்பூதனாரை எனக்குப் பிடிக்கும்.

✦

காங்கேயம் பக்கத்துச் சிவன்மலை முருகன் கோயிலில் ‘ஆண்டவன் உத்தரவுப் பெட்டி’ இருக்கிறது. பக்தர் ஒருவரின் கனவில் வந்த பொருளை, பூப்போட்டுக் கேட்டு, கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பார்கள். அடுத்த உத்தரவு வரும்வரை அது அங்கேயே இருக்கும். தண்ணீர் வைத்தபோது சுனாமி வந்தது, மண் வைத்தபோது நிலம் விலை ஏறியது என்பார்கள். கவனித்தால், பொருள் முன்னால் வருகிறது, விளக்கம் பின்னால் வருகிறது.

✦

கிளி ஜோதிடத்தில் கிளியின் வேலை அரை நிமிடம். கூண்டுக் கதவைத் திறந்து, “இந்த அம்மா பேருக்கு ஒரு சீட்டு எடும்மா” என்றதும் வெளியே வரும். அலகால் ஒவ்வொன்றாக இழுத்துத் தள்ளி, ஒன்றை நீட்டி, நெல்மணியை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விடும். அப்புறம் பத்து நிமிடம் பேசுவது மனிதர். முருகன் வந்தாலும் மாதா வந்தாலும் மசூதி வந்தாலும், எதிரே இருப்பவரின் முகம் பார்த்து, கல்யாணமா வீடா வழக்கா என்று வழி கண்டுபிடிக்க வேண்டியவர் அவர்தான்.

✦

1948இல் அமெரிக்க உளவியல் பேராசிரியர் பெர்ட்ராம் ஃபோரர் தன் மாணவர்கள் 39 பேருக்கு ஆளுக்கொரு குணாதிசயக் குறிப்பு கொடுத்து, எவ்வளவு பொருந்துகிறது என்று மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 5க்கு 4.26. எல்லோருக்கும் கொடுத்தது ஒரே குறிப்பு, பெரும்பகுதி கடையில் விற்ற ஜோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்தது.

✦

விளக்கமே தேவைப்படாத சீட்டு நம் ஊரிலேயே ஓடிக்கொண்டிருக்கிறது. தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டியில் கோத்துவிட்ட அட்டைகள்தான் அவை. ஓட்டை இருந்தால் நூல் ஒரு விதம், இல்லாவிட்டால் வேறு விதம். ஓர் அட்டை, ஓர் ஊடை. மயிலா மாங்காயா என்பது முன்பே முடிவாகிவிட்டது. 1804இல் பிரான்ஸில் ஜக்கார்டு என்பவர் உருவாக்கியது, இன்று பல இடங்களில் கம்ப்யூட்டருக்கு மாறிவருகிறது.

✦

2010 உலகக் கோப்பைக் கால்பந்தில், சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் தமிழ் ஜோதிடர் ஒருவர் வளர்த்த ‘மணி’ என்ற கிளி, கால் இறுதி ஆட்டங்கள் நான்கையும் சரியாக எடுத்து உலகச் செய்தியானது. இறுதி ஆட்டத்துக்கு நெதர்லாந்தை எடுத்தது. ஜெர்மனியிலிருந்த பால் என்ற ஆக்டோபஸ் ஸ்பெயினை எடுத்தது. ஸ்பெயின் 1-0 என்று வென்றது.

✦

பச்சைக்கிளி வளர்ப்பது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். 2024 ஏப்ரலில் கடலூர் தொகுதியில் பாமக வேட்பாளராக நின்ற திரைப்பட இயக்குநர் தங்கர் பச்சானுக்கு வெற்றி என்று ஒரு கிளி சீட்டு எடுத்தது. காணொளி பரவியதும் வனத்துறை வந்து கிளிகளைப் பறிமுதல் செய்து, ஜோதிடரைப் பிடித்து எச்சரித்து அனுப்பியது. தேர்தலில் தங்கர் பச்சான் தோற்றார். வென்றவர் காங்கிரஸின் எம்.கே. விஷ்ணு பிரசாத். அதுவரை, போளூரை உள்ளடக்கிய ஆரணித் தொகுதியின் எம்.பி. அவர்தான்.