என்ன ஆகப்போகிறோம் என்று முடிவெடுக்காத செல்



நம் உடம்பில் சுமார் 200 வகைச் செல்கள் இருக்கின்றன. நரம்புச் செல் கிளை கிளையாக நீண்டிருக்கும். இரத்தச் சிவப்பணு தட்டையாக, நடுவில் குழிந்திருக்கும். இதயத் தசைச் செல் ஓயாமல் சுருங்கி விரிந்துகொண்டே இருக்கும். உருவத்திலும் வேலையிலும் இவ்வளவு வித்தியாசம்! ஆனாலும் இவை எல்லாம் ஒரே ஒரு கருமுட்டையிலிருந்து வந்தவைதான். அந்த ஒரு செல் இரண்டாகி, இரண்டு நான்காகி, நான்கு எட்டாகி, நீங்களும் நானும் ஆனோம்.

கரு உண்டான ஐந்தாறு நாளில் அது ஒரு குட்டிப் பந்துபோல ஆகிவிடுகிறது. அதைக் கருக்கோளம் என்பார்கள். அதன் அகலம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, மிஞ்சினால் இரண்டு பங்கு. பந்தின் வெளிச்சுவர் பிற்பாடு நஞ்சுக்கொடி உருவாக உதவும். உள்ளே ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டிருக்கும் செல் கூட்டம்தான் குழந்தையின் உடம்பாக வளரும். அந்தக் கூட்டத்தில் உள்ள எந்தச் செல்லும் இன்னும் ஒரு வேலையைத் தேர்ந்தெடுக்கவில்லை. மூன்றாம் வகுப்புப் பிள்ளையைப்போல, அது டாக்டரும் ஆகலாம், தச்சரும் ஆகலாம், விமானியும் ஆகலாம். அதாவது மூளையாகவோ, எலும்பாகவோ, கல்லீரலாகவோ மாறும் வழி அதற்குத் திறந்தே இருக்கிறது. இப்படிப்பட்ட செல்லுக்குக் கரு ஸ்டெம் செல் என்று பெயர்.

ஆனால் இந்த நிலை சில நாள்தான். அதற்குப் பிறகு ஒவ்வொரு செல்லும் தன் வழியில் போய்விடும். போனது சாதாரணமாகத் திரும்பி வராது. அந்தச் சில நாள் நிலையை ஆய்வகத் தட்டில் அப்படியே நிறுத்திவைக்க முடியுமா? 1981-ல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் மார்ட்டின் எவன்ஸும் மேத்யூ காஃப்மனும், அமெரிக்காவின் சான் ஃபிரான்சிஸ்கோவில் கெயில் மார்ட்டினும் எலிக் கருவை வைத்து இதைச் செய்து காட்டினார்கள். மனிதச் செல்லில் அதே காரியம் நடக்க இன்னும் 17 ஆண்டுகள் ஆயின. அதைச் சாதித்தவர் ஜேம்ஸ் தாம்சன்.

கால்நடை மருத்துவம் படித்தவர்

தாம்சன் 1958-ல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் பிறந்தார். இல்லினாய் பல்கலைக்கழகத்தில் உயிர் இயற்பியல் படித்தார். பிறகு பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, 1985-ல் கால்நடை மருத்துவத்தில் ஒரு பட்டமும், 1988-ல் மூலக்கூறு உயிரியலில் முனைவர் பட்டமும் பெற்றார். செல்லுக்குள் இருக்கும் டி.என்.ஏ., ஆர்.என்.ஏ., புரதம் ஆகியவை எப்படி வேலை செய்கின்றன என்று ஆராய்வதே மூலக்கூறு உயிரியல். ஆடு மாடு நாய் பூனைக்கு வைத்தியம் பார்க்கும் படிப்பும், மரபணுவைத் துருவிப் பார்க்கும் படிப்பும் ஒருவரிடம் சேர்ந்தது பின்னால் பெரிதும் பயன்பட்டது.

எலியில் தெரிந்ததையெல்லாம் மனிதருக்குப் பொருத்திவிடலாம் என்று அவர் எண்ணவில்லை. காரணம் இருக்கிறது. ஆரம்ப நாட்களில் எலியின் கரு கிண்ணம்போலக் குழிந்து வளர்கிறது. நம்முடையதோ தட்டையான வட்டமாக வளர்கிறது. மனிதரோடு நெருங்கிய விலங்கு குரங்கு. ஆகவே ஓரிகன் மாநிலத்தில் இருக்கும் குரங்கின ஆராய்ச்சி மையத்துக்குப் போய், குரங்குக் கருவை உடம்புக்கு வெளியே வளர்க்கும் வித்தையைக் கற்றுக்கொண்டார். அங்கிருந்து விஸ்கான்சின் மாநிலத்தின் மேடிசன் நகருக்கு வந்தார். 1995-ல் ரீசஸ் என்னும் செம்முகக் குரங்கின் கருவிலிருந்து ஸ்டெம் செல்களைப் பிரித்து, அவற்றைத் தொடர்ந்து வளர்த்துக் காட்டினார். மனிதர் அடங்கிய குரங்கின வரிசையில் இது நடந்தது அப்போதுதான் முதல் தடவை. அடுத்த ஆண்டு மார்மோசெட் என்னும் சின்னக் குரங்கிலும் இது கைகூடியது.

முடியுமா? செய்யலாமா?

அடுத்தது மனிதச் செல்தான். ஆனால் தாம்சன் உடனே இறங்கிவிடவில்லை. கருக்கோளத்தைப் பிரித்து உள்ளிருக்கும் செல்களை எடுத்துவிட்டால், அந்தக் கரு குழந்தையாக வளர முடியாது. கரு உண்டான அந்த நொடியே அது ஓர் உயிர், அதைக் கலைப்பது தவறு என்று நம்பும் மக்கள் பலர். தீராத நோயில் துன்பப்படுகிறவர்களுக்கு இதனால் வழி பிறக்கலாம் என்று வாதிடுபவர்களும் பலர். இரண்டு பக்கமும் மனசாட்சியோடு பேசுகிறவர்கள் இருக்கிறார்கள்.

தாம்சன் தன் பல்கலைக்கழகத்திலேயே இருந்த இரண்டு அறநெறி அறிஞர்களிடம் போனார். ஒருவர் சட்டப் பேராசிரியை ஆல்ட்டா சாரோ, இன்னொருவர் மருத்துவர் நார்மன் ஃபாஸ்ட். அவர்களோடு கலந்து பேசிய பிறகே முடிவெடுத்தார். குழந்தை இல்லாத தம்பதிகளுக்கு உடம்புக்கு வெளியே கருத்தரிக்கச் செய்யும் சிகிச்சையில், சில கருக்கள் மிஞ்சிப்போகும். யாருக்கும் தேவைப்படாமல் கழிக்கப்பட வேண்டிய அந்தக் கருக்களை, பெற்றோர் எல்லாம் தெரிந்து முழுச் சம்மதத்தோடு கொடுத்தால் மட்டும் ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளலாம் என்பதே அந்த முடிவு.

இதில் இன்னொரு சிக்கல். மனிதக் கரு கலையும் எந்த ஆய்வுக்கும் அமெரிக்க மத்திய அரசின் பணம் போகக் கூடாது என்று 1996-லிருந்து சட்டம் இருந்தது. அதனால் அரசுப் பணத்தில் வாங்கிய எந்தக் கருவியும் இல்லாத தனி ஆய்வகம் ஒன்றை அவர் அமைத்தார். ஜெரான் என்னும் தனியார் நிறுவனமும் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த அறக்கட்டளையும் பணம் கொடுத்தன.

ரோஸ் நிறத் திரவத்தில் வளர்ந்த செல்கள்

அந்த ஆய்வகத்தில் என்ன நடக்கும் என்று கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்கலாம். பிளாஸ்டிக் தட்டின் அடியில் எலிச் செல்களை ஒரு விரிப்பாக வளர்த்திருப்பார்கள். அவை உயிரோடு இருக்கும், ஆனால் பெருகாது. கதிர்வீச்சால் அவற்றின் பெருக்கத்தை நிறுத்தியிருப்பார்கள். ஸ்டெம் செல்லுக்குத் தேவையான பொருள்களைச் சுரந்து கொடுப்பதுதான் அவற்றின் வேலை. அந்த விரிப்பின்மேல் கருவின் உட்செல்களை வைப்பார்கள். மேலே சத்துகள் கரைந்த ரோஸ் நிறத் திரவம். செல்கள் அதை உண்டு கழிவை விட விட, திரவம் புளித்து மஞ்சளாகும். நிறம் மாறுகிறதென்றால் திரவத்தை மாற்றியாக வேண்டும் என்று பொருள். ஞாயிற்றுக்கிழமை என்றாலும் இந்த வேலைக்கு லீவு கிடையாது. வெப்பம் எப்போதும் 37 டிகிரி செல்சியஸில், நம் உடம்புச் சூட்டிலேயே இருக்க வேண்டும். செல் கூட்டம் பெரிதானால் அதைச் சிறு சிறு துண்டாக்கி வேறு தட்டுக்கு மாற்ற வேண்டும். தாமதித்தால் சில செல்கள் தாமாகவே நரம்பாகவோ தசையாகவோ மாறத் தொடங்கிவிடும். அவற்றை மாற விடாமல் வைத்திருப்பதுதான் இதில் மிகக் கடினமான பகுதி.

தாம்சன் குழுவினர் 14 கருக்கோளங்களிலிருந்து உட்செல்களைப் பிரித்தெடுத்தார்கள். அவற்றில் 5 மட்டுமே நிலைத்து, நின்று வளரும் செல் வரிசைகளாயின. அவற்றுக்கு ஹெச்1, ஹெச்7, ஹெச்9, ஹெச்13, ஹெச்14 என்று பெயர் வைத்தார்கள். மாதக்கணக்கில் வளர்த்த பிறகும் அவை மாறாமல் இருந்தன. பிறகு அவற்றை எலியின் உடம்பில் செலுத்திப் பார்த்தபோது குடற்சுவர், எலும்பு, குருத்தெலும்பு, தசை, நரம்புத் திசு என்று பல வகையாக வளர்ந்தன. எதுவாகவும் மாறும் ஆற்றல் அவற்றிடம் அப்படியே இருந்தது என்பதற்கு அதுவே சான்று. 1998 நவம்பர் 6-ஆம் தேதி ‘சயின்ஸ்’ இதழில் கட்டுரை வெளிவந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. பாராட்டும் வந்தது, கண்டனமும் வந்தது.

கரு இல்லாமலே ஒரு வழி

இந்த ஆய்வு தனக்கே சங்கடம் தருவது என்று தாம்சன் வெளிப்படையாகச் சொன்னவர். இதைப் பற்றிக் கொஞ்சமும் சங்கடப்படாதவர் போதுமான அளவு யோசிக்கவில்லை என்பது அவர் கருத்து. அதனால் கருவைத் தொடாமலே ஸ்டெம் செல்லை உருவாக்கும் வழியைத் தேடினார். அவருடைய குழுவில் இருந்த ஜுன்யிங் யூ என்ற பெண் விஞ்ஞானி, கரு ஸ்டெம் செல்லில் விழித்திருக்கும் மரபணுக்களைப் பட்டியலிட்டு ஒவ்வொன்றாகச் சோதித்தார். கடைசியில் நான்கு மரபணுக்கள் மிஞ்சின. அந்த நான்கையும் வளர்ந்த சாதாரணச் செல்லுக்குள் செலுத்தியதும், அது பின்னோக்கிப் போய் ஸ்டெம் செல்லைப் போலவே ஆகிவிட்டது!

அதே நேரத்தில் ஜப்பானின் கியோட்டோவில் ஷின்யா யமனாகா இதே பாதையில் வந்துகொண்டிருந்தார். எலிச் செல்லில் 2006-லேயே இதைச் செய்து காட்டியவர் அவர். மனிதச் செல்லில் தாங்கள் பெற்ற வெற்றியை இரண்டு குழுக்களும் 2007 நவம்பர் 20 அன்று, ஒரே நாளில் வெளியிட்டன. இந்தக் கண்டுபிடிப்புக்காக 2012-ல் யமனாகாவுக்கு நோபல் பரிசு கிடைத்தது. தவளைச் செல்லில் இதற்கு நெடுநாள் முன்பே வழிகாட்டிய ஜான் குர்டன் அதைப் பகிர்ந்துகொண்டார். தாம்சனுக்கு அந்தப் பரிசு கிடைக்கவில்லை. ஆனாலும் புதிதாக உருவாக்கிய செல் உண்மையிலேயே ஸ்டெம் செல்தானா என்று ஒப்பிட்டுப் பார்க்க அவருடைய 1998-ஆம் ஆண்டுச் செல்கள்தான் அளவுகோலாக இருந்தன.

அந்த ஹெச்9 செல்களின் வழிவந்தவை இன்றும் உலகெங்கும் ஆய்வகங்களில் வளர்கின்றன. கை கால் நடுங்கும் பார்கின்சன் நோயில், டோப்பமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் மூளைச் செல்கள் அழிந்துபோகின்றன. ஹெச்9-லிருந்து அத்தகைய செல்களை வளர்த்து, நோயாளிகள் 12 பேரின் மூளையில் பொருத்திய ஆய்வின் முடிவு 2025-ல் ‘நேச்சர்’ இதழில் வந்தது. இது பாதுகாப்பானதுதானா என்று பார்ப்பதே அந்த ஆய்வின் முதல் நோக்கம். நோயைக் குணமாக்குமா என்பது இன்னும் பெரிய சோதனைகளுக்குப் பிறகுதான் தெரியும். ஆகவே, எந்த நோயையும் ஸ்டெம் செல்லால் உடனே குணப்படுத்துவோம் என்று யாராவது விளம்பரம் செய்தால் நம்பிவிடாதீர்கள். வீட்டில் உள்ள பெரியவர்களுக்கும் எடுத்துச் சொல்லுங்கள்.

தாம்சன் 2022-ல் ஓய்வு பெற்றார். செய்ய வேண்டிய வேலை இன்னும் ஏராளமாக இருக்கிறது. பொருத்திய செல்லை உடம்பு ஏற்றுக்கொள்ள வேண்டும், அது கட்டியாக வளராமல் பார்த்துக்கொள்ள வேண்டும், ஏழைகளுக்கும் எட்டும் விலையில் சிகிச்சை கிடைக்க வேண்டும். உயிரியல் பிடிக்கும் என்றால் டாக்டர் படிப்பு ஒன்றுதான் வழி என்று நினைக்காதீர்கள். கால்நடை மருத்துவமும் மூலக்கூறு உயிரியலும்கூட மனித குலத்துக்கு உதவும் படிப்புகள்தான். நாளைக்கு நீங்கள் ஓர் ஆய்வகத்தில் நிற்கும்போது ‘முடியுமா?’ என்று தைரியமாகக் கேளுங்கள், ‘செய்யலாமா?’ என்றும் கூடவே கேளுங்கள். இரண்டையும் கேட்பவரே நல்ல விஞ்ஞானி.