காற்றுக் கருவி களைப்பது ஏன்?

மூன்றாமாண்டு, இளம் அறிவியல் – இயற்பியல்

காற்றில்லாமல் உயிரில்லை என்பது எல்லோரும் அறிந்தது. எங்கள் வீட்டில் காற்றில்லாமல் சோறும் இல்லை. என் தந்தையார் கார், வேன் பழுதுபார்ப்பவர். வீட்டின் பின்புறத்தில் தகரக் கொட்டகை போட்டு, அதையே பட்டறையாக வைத்திருக்கிறார். முப்பது ஆண்டுகளாகச் சக்கர நட்டுகளைத் திருகித் திருகி அவருடைய வலது தோள் தேய்ந்துவிட்டது. இனி ஸ்பேனரைப் பிடித்து இழுக்கக் கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆகவே 2023 ஆம் ஆண்டு கோடை விடுமுறையில் அம்மாவின் இரண்டு வளையல்கள் கூட்டுறவு வங்கிக்குப் போயின. 2 குதிரைத்திறன் மோட்டாரும் 160 லிட்டர் டாங்கியும் கொண்ட பழைய கம்ப்ரசர் ஒன்றும், நட்டுக் கழற்றும் கன் ஒன்றும் கொட்டகைக்கு வந்து சேர்ந்தன.

வந்த அன்றே ஏமாற்றம். டாங்கியின் மீட்டர் 120 பவுண்டு காட்டியது. கன்னை நட்டில் வைத்து விசையை அழுத்தினால் 'டர்ர்' என்ற ஓசைதான் வந்தது, நட்டு அசையவில்லை. அதட்டி அதட்டி மூன்று நட்டுகளைக் கழற்றுவதற்குள் ஓசையும் தளர்ந்துவிட்டது. பார்க்க வந்த பக்கத்துப் பட்டறைக்காரர் இரண்டு யோசனைகள் சொன்னார். "இது பத்தாதுண்ணே, அஞ்சு எச்.பி. வாங்கிடுங்க" என்பது ஒன்று. "இல்லேன்னா பிரஷர் சுவிட்சைத் திருகி நூத்தம்பது பவுண்டு ஏத்தி விடுங்க" என்பது மற்றொன்று. முதல் யோசனைக்கு அரை லட்சத்துக்கு மேல் வேண்டும். இரண்டாவதற்குக் காசு வேண்டாம், உயிர்தான் பணயம். அப்பா என் பக்கம் திரும்பி, "நீ காலேஜ்ல இதைத்தானே படிக்கிறே? என்னன்னு பாரு" என்றார். மூன்றாண்டுப் படிப்பில் இத்தனை கடினமான வினாவை எந்தத் தேர்விலும் நான் சந்தித்ததில்லை. அதற்கு விடை கண்ட வரலாறே இக்கட்டுரை.

அழுத்தம் வேறு, ஓட்டம் வேறு

அழுத்தப்பட்ட காற்றை வேலை வாங்குவது புதிய செய்தியன்று. ஆல்ப்ஸ் மலையைக் குடைந்து பிரான்சையும் இத்தாலியையும் இணைத்த 12 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட சுரங்கப் பாதை 1857 இல் தொடங்கி 1871 இல் முடிந்தது. அதில் 1861 முதல் காற்றுத் துளைக் கருவிகளே பாறையைக் குடைந்தன. வெளியே அழுத்திய காற்றை நீண்ட குழாய்கள் வழியே உள்ளே கொண்டு சென்றார்கள். அவர்கள் எதிர்கொண்ட கணக்குத்தான் எங்கள் கொட்டகையிலும் எனக்கு முன் நின்றது: டாங்கியில் உள்ள வலிமை கருவிக்குப் போய்ச் சேருகிறதா?

கன்னுக்குள் ஒரு சிறு உருளை சுழல்கிறது. அதன் வெட்டுகளில் மெல்லிய தகடுகள் நிற்கின்றன. காற்று அத்தகடுகளைத் தள்ளி உருளையைச் சுழற்ற, அதனோடு சேர்ந்த சுத்தியல் நட்டின் தண்டை மீண்டும் மீண்டும் அடிக்கிறது. கருவியின் திறன் காற்றின் அழுத்தத்தை மட்டும் பொறுத்ததன்று; நொடிக்கு எவ்வளவு காற்று பாய்கிறது என்பதையும் பொறுத்தது. இரண்டில் எது குறைந்தாலும் அடி தளரும்.

நம் ஆய்வகத்தில் பழைய மின்கலத்தை வோல்ட்மீட்டரோடு மட்டும் இணைத்தால் முள் ஏறக்குறைய ஒன்றரை வோல்ட் காட்டும். விளக்கை இணைத்தவுடன் முள் சரிந்துவிடும். உள்தடை என்னும் களவாணி, மின்னோட்டம் இருக்கும்போதுதான் கைவரிசையைக் காட்டுவான். காற்றும் அப்படியே. விசையை அழுத்தாதபோது ஓட்டம் இல்லை. ஆகவே இழப்பும் இல்லை. எல்லா மீட்டரும் நிறைவாகவே காட்டும். ஓய்வில் காட்டும் அளவை நம்பியதே எங்கள் முதல் பிழை.

இரண்டு மீட்டர் சோதனை

பழைய மீட்டர் ஒன்றை 'டீ' இணைப்பில் பொருத்தி, கன்னின் கழுத்தருகே வைத்தேன். பட்டறையில் அரை அங்குலத் தண்டு கொண்ட கன்னுக்கு, அது ஓடும்போது 90 பவுண்டு இருக்க வேண்டும் என்பது பொது விதி. இப்போது விசையை அழுத்திக்கொண்டே இரண்டு மீட்டர்களையும் ஒருசேரப் பார்க்க வேண்டும். மூன்று விடைகளே உண்டு.

டாங்கி மீட்டர் நிலைத்து நிற்க, கன்னருகே உள்ள மீட்டர் சரிந்தால், வழியில் தடை இருக்கிறது. இரண்டும் சேர்ந்து விரைவாகச் சரிந்தால், கம்ப்ரசரின் வரவு செலவுக்குப் போதவில்லை. இரண்டும் சரியாமல் நின்றும் கன் சோர்ந்தால், நோய் கன்னுக்குள்ளேயே இருக்கிறது. நோயைக் கண்டு, அதன் காரணத்தைக் கண்ட பின்பே மருந்து என்று வள்ளுவர் வகுத்த முறை மருத்துவருக்கு மட்டும் உரியதன்று.

எங்கள் சோதனையில் முதல் அழுத்தலிலேயே டாங்கி 110 பவுண்டுக்குக் குறையாமல் நிற்க, கன்னருகே முள் 50 க்கு வந்துவிட்டது. பாதி வலிமை வழியிலேயே போயிற்று!

குழாயின் குற்றம்

எங்கள் ஓஸ் கால் அங்குல உள்விட்டமும் 20 மீட்டர் நீளமும் கொண்டது. டயருக்குக் காற்றடிக்க அது போதும்; கன்னுக்குப் போதாது. நுண்குழாயில் நீர் ஒழுகும் ஆய்வில் ஆரத்தின் நான்காம் அடுக்கு வருவதை நாம் அறிவோம். அது அமைதியான ஓட்டத்துக்குரிய விதி. ஓஸில் காற்று சுழித்துக்கொண்டு பாய்கிறது. அங்கே அதே அளவு ஓட்டத்துக்கு அழுத்த இழப்பு, விட்டத்தின் ஐந்தாம் அடுக்குக்கு ஏறக்குறைய எதிர்விகிதத்தில் இருக்கும். நீளத்துக்கு நேர்விகிதம்.

கால் அங்குலத்துக்குப் பதில் முக்கால் அரை அங்குலம், அதாவது மூன்று சூத்திர ஓஸ் போட்டால் விட்டம் ஒன்றரை மடங்கு. ஒன்றரையின் ஐந்தாம் அடுக்கு 7.6. நீளத்தையும் 10 மீட்டராகப் பாதியாக்கினால் இழப்பு 15 இல் ஒரு பங்காகிறது. காகிதத்தில் போட்ட கணக்கை நம்பி மறுநாளே புதிய ஓஸ் வாங்கினேன். இரு முனைகளிலும் இருந்த குறுகிய இணைப்புகளையும் மாற்றினேன். நடுவில் இருந்த வடிகட்டியின் அழுக்கைக் கழுவினேன். பெரிய ஓஸ் போட்டு முனையில் ஊசித் துளை இணைப்பை வைத்தால், அகன்ற சாலை ஒற்றையடிப் பாலத்தில் முடிந்தது போலாகும். இப்போது ஓடும்போது கன்னருகே 90 பவுண்டு நின்றது. முதல் நட்டு இரண்டே நொடியில் கழன்றது.

கம்ப்ரசரின் குற்றம்

ஆனால் இரண்டு சக்கரம் முடிவதற்குள் டாங்கி மீட்டரே இறங்கத் தொடங்கியது. இது இரண்டாவது நோய். கம்ப்ரசர் நிமிடத்துக்கு எவ்வளவு காற்று தருகிறது என்பதை ஒரு கைக்கடிகாரத்தைக் கொண்டே அளக்கலாம். வெளிவழியை அடைத்துவிட்டு, டாங்கி 60 பவுண்டிலிருந்து 120 பவுண்டுக்கு ஏற எத்தனை நிமிடமாகிறது என்று பார்த்தேன். ஆறு நிமிடம்.

கணக்கு எளிது. வளிமண்டல அழுத்தம் 14.7 பவுண்டு. ஏறிய 60 பவுண்டு என்பது 4.08 வளிமண்டலம். அதை 160 லிட்டரால் பெருக்கினால் 653 லிட்டர் வெளிக்காற்று உள்ளே போயிருக்கிறது. ஆறால் வகுத்தால் நிமிடத்துக்கு 109 லிட்டர். பாயில் 1662 இல் வெளியிட்ட விதி எங்கள் தகரக் கொட்டகையிலும் செல்லுபடியாகிறது என்பதில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி.

2 குதிரைத்திறனுக்கு இது குறைவு. தேடினோம். காற்று உறிஞ்சும் வாயிலில் இருந்த வடிகட்டி, சாணை பிடிக்கும் தூசியால் கம்பளிபோல் அடைத்திருந்தது. பெல்ட் தொய்ந்து நழுவிற்று. உறிஞ்சும் வாயிலில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். காற்று திருப்பி அடிக்கவில்லை. ஆகவே அந்த வால்வு நன்றாகவே இருந்தது. வடிகட்டியை மாற்றி பெல்ட்டை இறுக்கியபின் அதே ஏற்றத்துக்கு நான்கு நிமிடமே ஆயிற்று. 163 லிட்டர்! ஒன்றரை மடங்கு வரவு, ஒரு புது மோட்டாரும் வாங்காமல்.

ஓட்டைப் பானை

வரவு கூடினாலும் ஓட்டைப் பானையில் சேமிப்பு நிற்காது. மோட்டாரை நிறுத்திவிட்டுப் பார்த்தபோது 20 நிமிடத்தில் 120 லிருந்து 90 க்கு இறங்கியது. முன் கணக்குப்படி இது நிமிடத்துக்கு 16 லிட்டர். வரவில் பத்தில் ஒரு பங்கு. சோப்புத் தண்ணீரைத் தடவினால் கசியும் இடம் குமிழி விட்டுத் தானே காட்டிக் கொடுக்கும். இரண்டு மரைகளுக்கு டெஃப்லான் டேப் சுற்றினோம். மோட்டார் நின்றவுடன் சுவிட்சில் 'உஸ்' என்று ஒரு கணம் காற்று போவது இயல்பு. அது நிற்காமல் போனால் டாங்கி வாயிலில் உள்ள ஒருவழி வால்வு பழுது. எங்களுடையதில் அந்தக் குறையும் இருந்தது.

நீரும் எண்ணெயும்

அழுத்திய காற்று ஆறும்போது ஈரத்தைச் சுமக்க இயலாமல் நீராக உதிர்க்கிறது. 30 டிகிரி வெப்பத்தில் ஈரம் மிகுந்த நாளில், எங்கள் கம்ப்ரசர் ஒரு மணி நேரம் தொடர்ந்து ஓடினால் ஏறக்குறைய ஒரு டம்ளர் நீர் டாங்கியில் சேரும். அதை வடிக்காவிட்டால் டாங்கியின் அடி துருப்பிடிக்கும். நீர் கன்னுக்குள்ளும் போகும். எங்கள் கன்னைப் பிரித்தபோது, முன்பு வைத்திருந்தவர் விட்ட கெட்டியான எண்ணெயும் துருவும் சேர்ந்து பசையாகித் தகடுகளைப் பிடித்திருந்தன. மண்ணெண்ணெயில் கழுவி, காற்றுக் கருவிக்கென்றே உள்ள மெல்லிய எண்ணெயில் நாலைந்து சொட்டு விட்டோம். இப்போது தினமும் மாலையில் நீர் வடிப்பதும் காலையில் எண்ணெய் விடுவதும் வழக்கமாகிவிட்டன.

செய்யக் கூடாத வைத்தியம்

பிரஷர் சுவிட்சை ஏற்றும் யோசனையை நாங்கள் ஏற்கவில்லை. தடை உள்ள வழியில் அழுத்தத்தைக் கூட்டினால் நோய் மறையும், தீராது. அதைவிடப் பெரிய காரணம் வேறு. நீரைப் போலன்றிக் காற்று சுருளும். சுருண்ட காற்றில் ஆற்றல் தேங்கி நிற்கும். துருவில் மெலிந்த டாங்கி கிழிந்தால் அவ்வாற்றல் முழுவதும் ஒரே கணத்தில் வெளிப்படும். டாங்கியைச் சோதிப்பவர்கள் காற்றுக்குப் பதில் நீரை நிரப்பிச் சோதிப்பது இதனால்தான். பாதுகாப்பு வால்வை இறுக்குவது, வீட்டுக்குள் வெடிகுண்டு வைத்துவிட்டுக் கதவைச் சாத்துவதற்கு ஒப்பாகும். எங்கள் டாங்கியையும் நீரால் சோதித்து வாங்கிய பிறகே அப்பா நிம்மதியாக உறங்கினார்.

முடிவுரை

மொத்தச் செலவு இரண்டாயிரம் ரூபாய்க்குள் அடங்கியது. வளையல்கள் மறு ஆண்டு பொங்கலுக்கு முன் வீடு திரும்பின. கழற்றுவதெல்லாம் கன்னின் வேலை. ஆனால் நட்டுகளை இறுதியாக இறுக்குவதற்கு அளவு காட்டும் ஸ்பேனர்தான் சரி. அதை அப்பா இழுக்கக் கூடாதல்லவா? கல்லூரிக்குப் புறப்படுமுன் அந்த வேலை என்னுடையது. சிற்சில நாள்களில் முதல் வகுப்புக்கு நான் தாமதமாக வருவதன் காரணத்தை எம் பேராசிரியப் பெருமக்கள் இப்போது அறிந்து பொறுத்தருள்வார்களாக.

நண்பர்களே, ஓய்வில் இருக்கும்போது எந்த மீட்டரும் நிறைவாகவே காட்டும். உண்மையை அறிய வேண்டுமானால், வேலை நடக்கும் இடத்தில், வேலை நடக்கும்போதே அளக்க வேண்டும். கொட்டகையில் நான் கற்ற இப்பாடம், மனிதர்களாகிய நமக்கும் பொருந்தும் என்றே தோன்றுகிறது.