முடிச்சு தெரியாத துணி

கருமத்தம்பட்டிப் பக்கமிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். பொறியியல் கல்லூரியில் பாடம் நடத்துகிறவர். விசைத்தறியில் ஊடை நூல் அறுவதைப் பற்றி அவர் எழுதியது ஆய்விதழில் வந்துவிட்டதாம். அதையே தமிழில் மாற்றி மாத இதழுக்கு அனுப்பலாமா என்று கேட்கிறார்.

அனுப்பலாம். ஆனால் மாற்றினால் போதாது, முதலிலிருந்து எழுத வேண்டும்.

ஆய்விதழின் சட்டதிட்டங்கள் அவருக்கே தெரியும். எனக்குப் பிடித்த வேடிக்கை வேறு. நோபல் பரிசு பெற்ற பீட்டர் மெடாவர், 1963ல் பிபிசி வானொலியில், ஆய்வுக் கட்டுரை என்பதே ஒரு மோசடியோ என்று கேட்டார். கட்டுரையிலுள்ள தகவல் பொய் என்று அவர் சொல்லவில்லை. மனதில் ஓர் ஊகத்தோடுதான் ஆய்வாளர் சோதனையில் இறங்குகிறார்; கட்டுரையிலோ, ஒன்றும் நினைக்காமல் அளந்து பார்த்ததில் முடிவு தானாக உதித்ததுபோல் வருகிறது என்றார்.

தறி ஓட்டும் சோமனூர்க்காரனுக்கு இது புதிதா? எங்கள் காடாத் துணியும் அப்படித்தான். ராத்திரி இரண்டு மணிக்குப் பாவு நூல் அறுந்து, தூக்கக் கண்ணோடு பிணைத்த கதை மடித்துக் கட்டிய துணியில் தெரியாது. முடிச்சு வாலையெல்லாம் கத்தரித்த பிறகுதான் வியாபாரிக்குப் போகும். ஆய்விதழுக்கு அந்தத் துணி போதும். மாத இதழ் என்றால் வாசகரைத் தறி குடோனுக்குள் கூட்டிப்போக வேண்டும்.

முதலில் நூலைக் குறை சொல்லி ஏமாந்தீர்களா? நாடாவுக்குள் வைக்கிற ஊடைத் தார் சரியாகச் சுற்றவில்லை என்பது அப்புறம்தான் தெரிந்ததா? அங்கே தொடங்குங்கள். 'தறி நிறுத்தப்பட்டது' என்று எழுதாதீர்கள். நிறுத்தியது யார்? முள்கரண்டி போன்ற ஒரு சின்னக் கம்பி. நாடா போட்டுவிட்டுப் போன ஊடை குறுக்கே இருந்தால் அந்த முள்ளைத் தள்ளிவிடும், தறி ஓடும். நூல் அறுந்திருந்தால் முள்ளைத் தள்ள ஆளில்லை. அது கொக்கியில் மாட்டி, தறி தானே நின்றுகொள்ளும். இல்லாத நூலைக் கண்டுபிடிக்கிற கம்பி! இதற்கே இரண்டு பக்கம் தரலாம்.

தமிழில் இப்படி எழுதுவது கோவைக்குப் புதிதல்ல. பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியின் முதல்வராக இருந்த ஜி.ஆர். தாமோதரன், 1940களின் பிற்பகுதியிலேயே கோவையிலிருந்து 'கலைக்கதிர்' அறிவியல் மாத இதழைத் தொடங்கியவர். இன்றோ காசு கட்டியாவது ஆய்விதழில் பெயர் வரவேண்டும் என்று அலைகிறோம். தறியைப் பற்றி எழுதியது தறிக்காரர் கைக்கு வருவதில்லை. அதில் யாருக்கும் வெட்கமும் இல்லை.

வரைபடம் வேண்டாம். அந்த முள்ளைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள். போட்டோ எடுக்கப் பாவு ஏற்றுகிற நாளில் மட்டும் போய் நிற்காதீர்கள்; யாரும் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள்.