டாஷ்போட்டின் பின்னே செல்லும் கம்பி

நெடுந்தூரம் ஓடும் லொறியின் சாரதிக்கு அதன் முன்னறையே பாதி வீடு. சுவாமி படத்திற்கு ஒரு சிறு விளக்கு, பாட்டுக் கேட்க ஒரு வானொலி, புழுக்கத்திற்கு ஒரு மின்விசிறி, இக்காலத்திற் கைத்தொலைபேசிக்கு மின்னேற்றும் கருவி என்று ஒவ்வொன்றாக அங்கே வந்து சேர்கின்றன. இவற்றுக்கெல்லாம் மின்சாரத்தைக் கொண்டு செல்லும் கம்பிகள், முகப்பிலுள்ள டாஷ்போட் பலகையின் பின்னே மறைந்து கிடக்கின்றன. சாரதி இரவில் வண்டிக்குள்ளேயே உறங்குபவராயின், அக்கம்பிகள் எவ்வாறு இழுக்கப்பட்டன என்பது அவருடைய உயிரைப் பற்றிய விடயமாகும்.

பலகையின் பின்புறம் வெற்றிடமன்று. சுக்கானின் தண்டு, மழைநீர் துடைப்பானை அசைக்கும் கோல்கள், மிதிகளின் மேற்பாகம், கூரிய விளிம்புடைய தகடுகள் ஆகியன அங்கே நெருங்கியிருக்கின்றன. வண்டி ஓடும்போது அத்தனையும் அதிர்கின்றன. தளர்ந்து தொங்கும் கம்பி தகட்டின் விளிம்பில் உராய்ந்துகொண்டேயிருப்பின், நாளடைவில் உறை தேய்ந்து செம்பு வெளிப்படும். பெரும்பாலான வண்டிகளில் உடற்தகடு மின்கலத்தின் எதிர்முனையோடு இணைக்கப்பட்டிருக்கிறது. ஆதலின் செம்பு தகட்டைத் தொட்டதும், மின்னோட்டம் விளக்கினூடாகச் செல்லாது குறுக்கே பாய்கிறது.

24 வோல்ற் வண்டியில் எரியும் 12 வாற் விளக்கிற்கு அரை அம்பியர் போதும். குறுக்குப் பாய்ச்சலிலோ அதே மின்கலம் பல நூறு அம்பியரைத் தரவல்லது. கம்பியிற் பிறக்கும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்திற்கேற்ப உயரும். மின்னோட்டம் 10 மடங்கானால் வெப்பம் 100 மடங்காகும். உறை உருகுவதற்கு அதிக நேரம் செல்லாது.

இங்கேதான் பியூஸ் எனப்படும் உருகி வேண்டப்படுகிறது. அது விளக்கைக் காப்பதற்கென்றே பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அது முதலிற் காப்பது கம்பியை. எனவே அதனை மின்கலத்திற்கு இயன்றளவு அருகில் வைத்தல் வேண்டும். விளக்கின் அருகே வைப்பது, தலைவாசலைத் திறந்துவிட்டுக் கடைசி அறையைப் பூட்டுவது போன்றதே. முன்பே உள்ள ஒரு கம்பியிலிருந்து கிளை எடுத்து, பாரம் தாங்காமல் உருகி எரிந்ததும் அதைவிடப் பெரியதொன்றைப் போடுவோர் உளர். சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றிவிடுவோரும் உளர். அதன்பின் அவ்வழியில் உருகக்கூடியது கம்பி ஒன்றுதான்.

வேலை தொடங்குமுன் மின்கலத்தின் எதிர்முனையை முதலிற் கழற்றுதல் முறை. நேர்முனையை முதலிற் கழற்ற முயலும்போது ஸ்பனர் உடற்தகட்டிற் பட்டால், அந்த ஸ்பனரே குறுக்குப் பாதையாகிவிடும். புதிய கம்பியை, வண்டியோடு வந்த கம்பிக் கட்டின் வழியே கொண்டுசென்று, இடையிடையே அதனுடன் கட்டிவிடலாம். தகட்டிலுள்ள துளையினூடாகச் செல்லுமிடத்தில் இரப்பர் வளையம் அவசியம்; சொற்ப விலையுள்ள இவ்வளையத்தை விட்டுவிடுவதே பல தீவிபத்துகளுக்கு வழிதிறப்பது. காற்றுப்பை பொருத்திய புதிய வண்டிகளில் மஞ்சள் உறையிட்ட கம்பிகளைத் தொடலாகாது.

பலகையை மூடுமுன் சுக்கானை இருபுறமும் முற்றாகத் திருப்பி, மிதிகளை அடிவரை அழுத்திப் பார்க்க வேண்டும். அப்போது எந்தக் கம்பியாவது அசைந்தால், அது மீண்டும் கட்டப்பட வேண்டிய கம்பி.