ஓப்பியாய்டு அடிமைநிலை சிகிச்சை மருந்துகள் வழங்கப்படும் முறை

ஓப்பியாய்டு அடிமைநிலைக்கான சிகிச்சையில் மெத்தடோன், பியூப்ரினார்பின், நால்ட்ரெக்சோன் ஆகிய மூன்று மருந்துகள் முதன்மையாகப் பயன்படுகின்றன. அபின், மார்பின், ஹெராயின், டிராமடால், பென்டனில் போன்று மூளையின் ஒரே வகை ஏற்பிகளில் செயற்படும் பொருள்களின் பொதுப்பெயரே ஓப்பியாய்டு என்பதாகும். மேற்கூறிய மூன்று மருந்துகளில் மெத்தடோன் குடிக்கப்படுகிறது; பியூப்ரினார்பின் பெரும்பாலும் நாக்கின் அடியில் வைத்துக் கரைக்கப்படுகிறது; நால்ட்ரெக்சோன் மாத்திரையாகவோ தசை ஊசியாகவோ தரப்படுகிறது. எந்த மருந்து தரப்படுகிறது என்பதைப் போலவே அது எப்போது, எந்த அளவில், யார் முன்னிலையில் தரப்படுகிறது என்பதும் இச்சிகிச்சையில் முக்கியமானது. வழங்கும் முறை தவறினால் உயிர்காக்கும் மருந்தே உயிருக்கு ஆபத்தாகலாம். மெத்தடோனும் பியூப்ரினார்பினும் 2005ஆம் ஆண்டில் உலக சுகாதார அமைப்பின் இன்றியமையா மருந்துகள் பட்டியலில் சேர்க்கப்பட்டன.

சிகிச்சையின் அடிப்படை

நாள்தோறும் ஹெராயின் பயன்படுத்துபவரின் உடல் அப்பொருளுக்குப் பழகிவிடுகிறது. சில மணிநேரம் அது கிடைக்காவிட்டால் கொட்டாவி, மூக்கொழுகல், வியர்வை, வயிற்றுப் பிடிப்பு, வயிற்றுப்போக்கு, தூக்கமின்மை முதலிய விலகல் அறிகுறிகள் தோன்றுகின்றன. இவற்றைத் தவிர்ப்பதற்காகவே பலர் மீண்டும் மீண்டும் போதைப்பொருளை நாடுகின்றனர்.

மெத்தடோனும் பியூப்ரினார்பினும் அதே ஏற்பிகளில் மெதுவாகவும் நெடுநேரமும் செயற்படுவதால், உரிய அளவில் தரப்படும்போது திடீர்ப் போதையும் இல்லை, திடீர் விலகலும் இல்லை. நோயாளி வேலைக்குச் செல்லவும் குடும்பத்தைக் கவனிக்கவும் முடிகிறது. எனவே ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதை தரப்படுகிறது என்ற பரவலான கருத்து சரியானதன்று. நால்ட்ரெக்சோன் இதற்கு மாறானது. அது ஏற்பிகளை அடைத்துக்கொண்டு, போதைப்பொருள் உடலுக்குள் சென்றாலும் அதன் விளைவைத் தடுக்கிறது.

மெத்தடோன்

மெத்தடோன் 1930களின் இறுதியில் ஜெர்மனியில் உருவாக்கப்பட்டது. 1960களில் நியூயார்க் நகரில் வின்சென்ட் டோல், மேரி நிஸ்வாண்டர் ஆகிய மருத்துவர்கள் ஹெராயின் அடிமைநிலைக்கு இதனை நாள்தோறும் தரும் முறையை உருவாக்கினர்.

இது பெரும்பாலும் திரவமாக, நாளுக்கு ஒருமுறை தரப்படுகிறது. செவிலியர் அளவை அளந்து கொடுக்க, நோயாளி அவர் கண்முன்னே குடிக்கிறார். பின்னர் தண்ணீர் குடிக்கச் செய்து, அவருடன் ஓரிரு சொற்கள் பேசுவது வழக்கம். மருந்தை வாயில் அடக்கி வெளியே எடுத்துச் செல்லாமல் இருப்பதற்கே இந்த ஏற்பாடு.

முதல் நாளில் 20 முதல் 30 மி.கி.க்கு மேல் தரக்கூடாது என்பது உலக சுகாதார அமைப்பின் வழிகாட்டுதல். நீண்டகால அளவு பொதுவாக 60 முதல் 120 மி.கி. ஆகும். மெத்தடோன் உடலிலிருந்து மிக மெதுவாகவே வெளியேறுகிறது. நேற்றைய மருந்தில் ஒரு பகுதி உடலில் இருக்கும்போதே இன்றைய மருந்து சேர்வதால், அளவை ஏற்றாவிட்டாலும் முதல் சில நாட்களில் இரத்தத்தில் அதன் செறிவு கூடிக்கொண்டே போகும். நோயாளி அவசரப்பட்டாலும் அளவு சிறிது சிறிதாகவே உயர்த்தப்படுவது இதனால்தான். மூச்சு தடைபடும் ஆபத்து முதல் சில வாரங்களில் மிகுதியாக உள்ளது. மதுவோ தூக்க மாத்திரைகளோ சேர்ந்தால் அந்த ஆபத்து மேலும் கூடும்.

தொடர்ந்து மூன்று நாட்களோ அதற்கு மேலோ மருந்தைத் தவறவிட்டவருக்குப் பழைய அளவே மீண்டும் தரப்படுவதில்லை. இடைவெளியில் உடலின் தாங்குதிறன் குறைந்திருக்கும் என்பதால், மருத்துவர் அவரை ஆராய்ந்து குறைந்த அளவிலிருந்து தொடங்குவார். இதயத் துடிப்பில் கோளாறு ஏற்படக்கூடியவர்களுக்கு இதய மின்னலை வரைபடம் எடுத்துப் பார்க்கப்படுகிறது.

பியூப்ரினார்பின்

பியூப்ரினார்பின் ஏற்பிகளை இறுகப் பற்றிக்கொண்டாலும் அவற்றைப் பகுதியளவே தூண்டுகிறது. ஓரளவுக்கு மேல் அதன் விளைவு கூடுவதில்லை என்பதால் மெத்தடோனைவிட மூச்சு தடைபடும் ஆபத்து குறைவு.

இதனை விழுங்கினால் பெரும்பகுதி கல்லீரலில் சிதைந்து வீணாகிவிடும். ஆகவே மாத்திரை நாக்கின் அடியில் வைக்கப்படுகிறது. அது முழுதும் கரைய 10 நிமிடம் வரை ஆகலாம். அதுவரை பேசுவதோ, உமிழ்நீரை விழுங்குவதோ, தண்ணீர் குடிப்பதோ கூடாது. இம்மருந்தை வாயில் கரைப்பவர்களுக்குப் பற்கள் பாதிக்கப்படலாம் என்று 2022இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் எச்சரித்தது. எனவே கரைந்த பின் தண்ணீரால் வாயை அலசிவிட்டு, ஒரு மணிநேரம் கழித்தே பல் துலக்க வேண்டும்.

முதல் வேளை மருந்தின் நேரம் மிக முக்கியம். உடலில் ஹெராயின் இருக்கும்போதே இதனைக் கொடுத்தால், ஏற்பிகளிலிருந்து ஹெராயினை இது தள்ளிவிட்டுக் கடுமையான விலகல் அறிகுறிகளை உடனே உண்டாக்கும். அந்த அனுபவத்துக்கு அஞ்சியே சிகிச்சையைக் கைவிடுபவர்களும் உண்டு. இதைத் தவிர்க்க, ஹெராயின் போன்றவற்றைக் கடைசியாகப் பயன்படுத்தி ஏறத்தாழ 12 மணிநேரமாவது கழிந்து, விலகல் அறிகுறிகள் தெளிவாகத் தெரிந்த பிறகே முதல் மாத்திரை தரப்படுகிறது. மெத்தடோனிலிருந்து மாறுபவர்கள் இன்னும் நீண்ட நேரம் காத்திருக்க வேண்டும். தொடர்ந்து தரப்படும் அளவு பெரும்பாலும் நாளுக்கு 8 முதல் 24 மி.கி. ஆகும்.

பியூப்ரினார்பினுடன் நலாக்சோனை 4:1 என்ற விகிதத்தில் சேர்த்த மாத்திரையும் உண்டு. நாக்கின் அடியில் வைக்கும்போது நலாக்சோன் மிகக் குறைவாகவே இரத்தத்தில் சேர்கிறது. ஆனால் மாத்திரையைக் கரைத்து இரத்தக்குழாயில் ஏற்றினால் நலாக்சோன் செயற்பட்டு விலகல் அறிகுறிகளை வரவழைக்கும். மருந்தை ஊசியில் ஏற்றுவோரைத் தடுப்பதே இக்கலவையின் நோக்கம்.

மாதம் ஒருமுறை தோலுக்கு அடியில் போடப்படும் பியூப்ரினார்பின் ஊசிக்கு 2017இல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. உள்ளே சென்றதும் கட்டியாக மாறி மருந்தை மெல்ல வெளியிடும் இது இரத்தக்குழாயில் சென்றால் உயிராபத்து நேரும். எனவே இதனை மருத்துவப் பணியாளர்களே போடுகின்றனர்; நோயாளியின் கையில் கொடுப்பதில்லை.

நால்ட்ரெக்சோன்

நால்ட்ரெக்சோனைத் தொடங்குமுன் 7 முதல் 10 நாட்கள் வரை எந்த ஓப்பியாய்டும் உடலில் சேர்ந்திருக்கக் கூடாது. அந்த இடைவெளியைக் கடப்பதே பலருக்கும் பெரிய தடையாக உள்ளது. நாளுக்கு 50 மி.கி. மாத்திரையாகத் தரலாம், ஆனால் நோயாளி நினைத்தவுடன் நிறுத்திவிட முடியும் என்பதால், குடும்பத்தினர் முன்னிலையில் விழுங்கச் செய்வது பயனளிக்கும். பிட்டத் தசையில் மாதம் ஒருமுறை போடப்படும் 380 மி.கி. ஊசியும் உண்டு.

கண்முன் வழங்கலும் வீட்டுக்குக் கொடுத்தலும்

மருந்தைக் கண்முன்னே கொடுப்பதால் அது பிறர் கைக்குச் செல்வதும் மிகையளவும் தடுக்கப்படுகின்றன. ஆனால் நாள்தோறும் மருந்தகத்துக்கு வந்து வரிசையில் நிற்பவர் தினக்கூலியை இழக்க நேரிடும். தொலைவில் உள்ளவருக்குப் பேருந்துச் செலவே சுமையாகும். அளவுக்கு மீறிய கண்டிப்பினால் நோயாளி சிகிச்சையை விட்டு விலகினால், அவர் முன்பைவிடப் பெரிய ஆபத்துக்குள்ளாகிறார். ஆகவே நிலைபெற்ற நோயாளிகளுக்குச் சில நாட்களுக்கான மருந்து வீட்டுக்குத் தரப்படுகிறது. 2020இல் கொரோனா பரவியபோது பல நாடுகள் இந்த விதியைத் தளர்த்தின. அமெரிக்காவில் 2024ஆம் ஆண்டு விதிகளின்படி, நிலைபெற்ற நோயாளிக்கு 28 நாட்கள் வரையான மெத்தடோனை வீட்டுக்குத் தரலாம். வீட்டில் உள்ள மருந்தைக் குழந்தைகளுக்கு எட்டாதவாறு பூட்டி வைப்பது கட்டாயம். பெரியவருக்குரிய ஒருவேளை மெத்தடோன் ஒரு குழந்தையின் உயிரைப் பறிக்கப் போதுமானது.

இந்தியாவில்

1990களில் சென்னை உள்ளிட்ட நகரங்களில், வலிநிவாரணியாகக் கிடைத்த பியூப்ரினார்பின் ஊசிமருந்தே போதைக்காகப் பயன்படுத்தப்பட்டது. ஊசிகளைப் பகிர்ந்துகொண்டதால் எச்.ஐ.வி. தொற்றும் பரவியது. ஊசியில் ஏற்றப்பட்ட அதே மருந்து இன்று நாக்கின் அடியில் வைக்கப்படும்போது சிகிச்சையாகிறது.

தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் மாற்று மருந்து சிகிச்சை மையங்களில், போதை ஊசி போட்டுக்கொள்பவர்களுக்குப் பியூப்ரினார்பின் இலவசமாக வழங்கப்படுகிறது. செவிலியர் மாத்திரையைப் பொடித்து நாக்கின் அடியில் இட்டு, கரையும்வரை பார்த்திருப்பார். மெத்தடோன் 2012இல் அறிமுகமானது. பஞ்சாப் மாநிலம் 2017இல் தொடங்கிய புறநோயாளி மையங்களில் பியூப்ரினார்பின்–நலாக்சோன் மாத்திரை தரப்படுகிறது.

சிகிச்சையை நிறுத்துதல்

இச்சிகிச்சைக்குக் குறிப்பிட்ட கால வரம்பு கிடையாது. சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பதைப் போலப் பலர் ஆண்டுக்கணக்கில் தொடர்கின்றனர். நிறுத்த விரும்பினால் மருத்துவர் மேற்பார்வையில் மாதக்கணக்கில் அளவைக் குறைத்து வர வேண்டும். கருவுற்ற பெண்கள் மெத்தடோனையோ பியூப்ரினார்பினையோ திடீரென நிறுத்தக்கூடாது.

சிகிச்சையை விட்ட முதல் வாரங்களிலும், சிறையிலிருந்தோ மறுவாழ்வு இல்லத்திலிருந்தோ வெளியே வந்தவுடனும் இறப்பு மிகுதியாக நேர்கிறது. முன்பு தாங்கிய அதே அளவை, தாங்குதிறன் குறைந்துவிட்ட உடலில் செலுத்துவதே காரணம். நால்ட்ரெக்சோனை நிறுத்தியவர்களுக்கும் இது பொருந்தும். மிகையளவால் மூச்சு மந்தமாகி, உதடு நீலம் பாய்ந்து, தட்டி எழுப்பினாலும் விழிக்காதவருக்கு உடனடியாக அவசர ஊர்தியை அழைக்க வேண்டும். இந்தியாவில் அதற்கான எண் 108. ஊசியாகவோ மூக்குத் தெளிப்பாகவோ தரப்படும் நலாக்சோன் சில நிமிடங்களில் மூச்சை மீட்கும். ஆனால் அதன் விளைவு 30 முதல் 90 நிமிடங்களில் குறைந்துவிடும் என்பதால், கண் விழித்தவரையும் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்வது அவசியமாகும்.